மாப்பிள்ளைக்கு வாங்கிய ஸ்காட்ச்

குடித்தே பழகாத நான், எழுபது வயதில், மாப்பிள்ளை விருந்துக்காகக் கோயமுத்தூர்க் கடையொன்றில் ஸ்காட்ச் பாட்டில்கள் முன் திணறி நின்றேன். "முதல் தடவைன்னா புகைவாசமில்லாதது எடுங்கய்யா. தண்ணி கலந்தா தொண்டை எரியாதுங்க" என்றார் கடைக்காரர். அப்படியே வாங்கினேன்.

வீட்டில் மாப்பிள்ளை, "வேண்டாமுங்க மாமா" என்றார். எங்கள் பக்கம் விருந்தாளி மறுப்பதும் வீட்டுக்காரர் வற்புறுத்துவதும் வழக்கம். "எனக்கும் இதுதான் முதல் தடவைங்க மாப்பிள்ளை. துணைக்கு ஒரு வாய்!" என்றேன். மூன்று முறை மறுத்தவர், நான்காம் முறை வாங்கிக் குடித்தார்.

டம்ளரைப் பார்த்த என் மகள் உடைந்துபோனாள். "எட்டு மாசமா தொடாம இருந்தாருங்கப்பா. கெடுத்துப்போட்டீங்களே!"

மாப்பிள்ளை தலைநிமிராமல் டம்ளரை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மாமா."

மூன்று முறை அவர் என்னிடம் கெஞ்சியிருக்கிறார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்ட என்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை.