மோசமான சமையல்களில் முதலிடம்

உலகத்திலேயே எந்த நாட்டுச் சாப்பாடு மோசம் என்று யாராவது கேட்டால், ஒரு காலத்தில் நான் மூச்சு விடாமல் பதில் சொல்வேன். இத்தனைக்கும் கோவை விமான நிலையத்தின் வாசலைக்கூட நான் தாண்டியதில்லை. பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பல வருடங்களாக மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். தொழிலாளர் விடுதி, கேன்டீன், எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் சார்பில் சோதனைக்கு வரும் ஆடிட் எல்லாம் என் தலையில்தான். பையர்கள் கொண்டுவரும் பரிசுப் பொட்டலங்களும், அவர்களைக் கூட்டிப்போகும் ஓட்டல்களும்தான் எனக்கு உலகம்.

அதை வைத்துக்கொண்டு ஒரு பட்டியலே போட்டிருந்தேன். ஹாலந்துக்காரர் கொடுத்த கறுப்பு மிட்டாய் உப்புக் கரித்தது. நம்பி வாயில் போட்ட பேக்கிங் செக்‌ஷன் மொத்தமும் குழாயடிக்கு ஓடியது. இங்கிலாந்துக்காரர் காலையில் ரொட்டியின் மேல் தித்திப்பான மொச்சையைக் கொட்டி ரசித்துச் சாப்பிட்டார். டென்மார்க்கிலிருந்து வந்த புட்டியில் பச்சை மீன், அதுவும் சர்க்கரை போட்ட காடியில் ஊறியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இவற்றையெல்லாம் முகத்தைச் சுளித்து நடித்துக் காட்டுவேன். கேன்டீனே சிரிக்கும். சிரிக்கச் சிரிக்க எனக்கு வாய் நீளும்.

ஆனால் முதலிடத்தை நான் வெளிநாட்டுக்குக் கொடுக்கவில்லை, கடுகு எண்ணெய்க்குக் கொடுத்திருந்தேன். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் எல்லாம் எனக்கு ஒரே நாடுதான். அந்த நாடு எங்கள் விடுதி மாடியில் இருந்தது. "பாஸ்போர்ட் இல்லாமயே போயிட்டு வரலாமுங்க, மூக்கை மட்டும் ஊட்டுல வெச்சுட்டுப் போகோணும்" என்பேன். இதற்குத்தான் கேன்டீனில் பெரிய சிரிப்பு எழும். கடுகு தாளிக்காத குழம்பு எங்கள் வீட்டில் கிடையாது. அதே கடுகின் எண்ணெய் காய்ந்தால் மட்டும் எனக்கு ஆகாது. ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மாடியில் கணவன் மனைவியாக இருப்பவர்களுக்கு ஆறு அறைகள். அறையில் சமைக்கக் கூடாது, கேன்டீன் சாப்பாடுதான் சாப்பிட வேண்டும் என்பது விதி. ஆடிட்டுக்கு முந்தின நாள் அடுப்புகளை வாங்கி என் பீரோவில் பூட்டுவோம், ஆடிட் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் இருப்போம். திருப்பூரில் பல கம்பெனிகளில் இதுதான் பழக்கம். அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், ஆடிட்டருக்கும் தெரிந்திருக்கலாம்.

ஒரு முறை அப்படி வாங்கும்போது ஓர் அறையில் கரண்ட் அடுப்போடு கடுகு எண்ணெய் பாட்டிலையும் எடுத்தேன். எண்ணெயை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அறை ஒடிசாவிலிருந்து வந்த ஒரு ஜோடியுடையது. அவன் அயர்னிங்கில், அவள் ஓவர்லாக் தையல் மெஷினில். அவளுக்கு மூன்றாம் மாதம். சாயங்காலம் அவன் என் அறை வாசலில் வந்து நின்றான்.

"மேடம், அவளுக்கு சாம்பார் வாசம் வந்தா வாந்தி மேடம். உருளைக்கிழங்கு, அந்த எண்ணெய், பச்சை மிளகாய். அது மட்டும் சாப்பிடுது. எண்ணெய் மட்டும் குடுங்க மேடம்."

"ரூல்ஸுங்க. நாளைக்கு ஆடிட். முடிஞ்சதும் வாங்கிக்கங்க."

மறுநாள் ஆடிட் வரவில்லை. அடுத்த வாரம் என்றார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்குவது இரட்டை வேலை என்று அடுப்புகளையும் அந்த எண்ணெயையும் பீரோவிலேயே விட்டுவிட்டேன். புதிதாக அடுப்போ எண்ணெயோ கேட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வாட்ச்மேனிடமும் சொல்லிவைத்தேன். மற்ற ஐந்து அறைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு கேன்டீனில் சாப்பிட்டார்கள். மாடியிலிருந்து வாசம் வராதது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. நோட்டீஸில் தீ விபத்து அபாயம் என்று எழுதியிருந்தேன். அதை எழுதச் சொன்னது என் மூக்குதான்.

எங்கள் லைன் சூப்பர்வைசர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அவள் என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

"ஏக்கா, அந்தப் பிள்ள ஒண்ணும் திங்க மாட்டேங்கா. டீயும் பன்னுந்தான். அந்த எண்ணெயக் கொடுத்துத் தொலைங்களேன்."

"பழகிக்குவாளுங்க. இன்னும் ரெண்டு நாள் போனா நம்ம சாம்பார் தேவாமிர்தமா இருக்கும் பாருங்க" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

எனக்கு மசக்கை தெரியாமல் இல்லை. என் பெண்ணைச் சுமந்தபோது சோறு கொதிக்கும் வாசமே ஆகாது. என் அம்மா சாமளாபுரத்திலிருந்து பஸ் பிடித்து, அரிசியும் பருப்பும் சாதத்தைத் தூக்குப்போசியில் கட்டிக்கொண்டு, ஊத்துக்குளி நெய்யைத் தனியாக எடுத்துக்கொண்டு, ஒன்றுவிட்டு ஒருநாள் வந்தாள். அது ஒன்றுதான் எனக்கு உள்ளே இறங்கியது. ஊரில் மற்ற எல்லாச் சாப்பாடும் அப்போது எனக்கு நாறியது. இதெல்லாம் தெரிந்தவள்தான் பீரோவைப் பூட்டி வைத்திருந்தேன்.

ஆடிட் வந்தது. வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி கேன்டீனில் சாம்பாரை ஒரு ஸ்பூன் ருசி பார்த்துவிட்டுப் பிரமாதம் என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு லைனில் நடந்துவந்து, ஓவர்லாக்கில் இருந்த அவளிடமே நின்று, சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நான்தான் தமிழில் மொழிபெயர்த்தேன். அவள் ஆடிட்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினாள். கன்னம் ஒட்டிப்போயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கவனித்துவிட்டு ஆடிட்டரைத் துணி வெட்டும் கட்டிங் பக்கம் கூட்டிப் போனேன்.

மறுநாள் காலையில் மெஷின் மேலேயே சரிந்து விழுந்தாள். கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கரு நிற்கவில்லை. உடம்பில் ரத்தமே இல்லை என்றார் டாக்டர் அம்மா. சாப்பிடாததாலா என்று கேட்டேன். மூன்றாம் மாதத்தில் காரணமே இல்லாமலும் போவதுண்டு, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கம்பெனியில் எல்லோரும் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டார்கள். என்னால் பிடித்துக்கொள்ள முடியவில்லை, இன்றுவரைக்கும்.

அடுப்பையும் எண்ணெயையும் அன்றைக்கே மாற்றுச் சாவியால் திறந்து அவர்கள் அறையில் கொண்டுபோய் வைத்தேன். பூட்டிய அறையில் யாரும் இல்லாதபோது வைத்து என்ன ஆகப் போகிறது? அடுத்த நாள் வடநாட்டுக்காரர் கடையில் கடுகு எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கி வீட்டுக்குப் போனேன். உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்தேன். பச்சை மிளகாய், வெங்காயம், உப்பு சேர்த்து, அந்த எண்ணெயைப் பச்சையாகவே விட்டுப் பிசைந்தேன். எப்படிச் செய்வது என்று அயர்னிங்கில் இன்னொரு பையனிடம் கேட்டு எழுதி வைத்திருந்தேன். என் கணவர் ஜன்னல்களைத் திறந்து விட்டுக்கொண்டே, "என்ன இது, ஊடெல்லாம் நாறுது?" என்றார். சோறும் அதுவுமாக டப்பாவில் வைத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன்.

அவள் சுவரோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் மாத்திரை வாங்கப் போயிருந்தான். டப்பாவை அவள் மடியில் வைத்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். சாப்பிடு கண்ணு என்று மட்டும் சொன்னேன். அவள் மூடியைத் திறந்தாள். முகம் மாறியது. குனிந்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்தாள். கிழங்கில் ஒரு விள்ளல் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

என் கை சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது. சத்தியமாக நான் நினைத்துச் செய்யவில்லை. அது எப்போது போனதென்றே தெரியாது. சட்டென்று இறக்கிவிட்டேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

விள்ளலைத் திரும்ப டப்பாவில் வைத்தாள்.

"பரவால்லீங்க மேடம். நீங்க போனப்புறம் சாப்பிட்டுக்கறனுங்க" என்றாள், லைனில் பழகிய எங்கள் ஊர்த் தமிழில், அத்தனை மரியாதையாக. மூடியை நான்கு பக்கமும் அழுத்தி மூடினாள். வாசம் என் பக்கம் வரக் கூடாதென்று அதன் மேல் போர்வையையும் இழுத்துப் போட்டாள்.