நிரம்பிய பாட்டிலும் முழங்கால் உயர ராக்கெட்டும்

எங்கள் வீட்டு ராக்கெட்டைக் கெடுத்தது நான்தான்!

(விஞ்ஞானிகள் மன்னிக்கவும்.)

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது மேற்குத் தாம்பரத்தில் இருந்தோம். மகள் வித்யா எட்டாம் வகுப்பு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மீதியை அவளுடைய பாடப்புத்தகங்களைப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. வித்யா தண்ணீர் ராக்கெட் செய்தாள். காலி கூல்ட்ரிங்க்ஸ் பாட்டில், அதன் வாயில் ரப்பர் கார்க், கார்க்கின் நடுவே சைக்கிள் டியூப் வால்வு. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, தலைகீழாக நிறுத்தி, பம்பு அடித்தால் கார்க் பிடுங்கிக்கொள்ளும். தண்ணீர் கீழே பீய்ச்ச, பாட்டில் மேலே பாயும்.

மொட்டை மாடியில் நான்கு முறை விட்டாள். நான்கு முறையும் எதிர்வீட்டுத் தென்னை உயரத்துக்குப் போனது!

சயின்ஸ் டீச்சர் முன்னால் பறந்து காட்டினால், கண்காட்சி ஹாலில் அவளுக்கு ஒரு மேஜை. பறக்காவிட்டால் வாசலில் பன்னீர் தெளிக்க நிற்க வேண்டும். எல்லா விழாவிலும் அவளுக்கு அந்த வேலைதான்.

"இந்த வாட்டியாவது உள்ள நிக்கணும்மா" என்றாள்.

டீச்சரிடம் காட்டும் நாளில் பள்ளிக் குழாயில் தண்ணீர் வராது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் வீட்டிலேயே அளந்து ஊற்றி, மூடி போட்டு வைத்துவிட்டுப் போனாள்.

"காலைல பஸ்ல கூட்டம், இறக்கை நசுங்கிடும்மா. நீ பதினோரு மணிக்கு அப்படியே எடுத்துட்டு வா."

அப்படியே எடுத்துப் போயிருக்கலாம்.

பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் பாட்டிலைக் கையில் எடுத்தேன். உள்ளே தண்ணீர் அடியில் தளும்பியது. மனசு கேட்கவில்லை. நல்ல காரியத்துக்குக் குறைகுடத்தோடா வாசல் தாண்டுவது?

கழுத்துவரை ரொப்பினேன். ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன்!

பாட்டிலைச் சுற்றி ஜிகினாத்தாள் ஒட்டியிருந்தாள். உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று வெளியே தெரியாது. கையில் வாங்கியதும் கேட்டாள்.

"என்னம்மா, கனமா இருக்கு?"

"வயசுப் பொண்ணு, இதுவா கனம்? வெண்டைக்காய் தின்னுன்னா கேக்கிறியா?"

மைதானத்தில் மாணவிகள் வட்டமாக நின்றார்கள். வித்யா பம்பு அடித்தாள்.

பொளக்!

ராக்கெட் முழங்கால் உயரம் எழும்பி, டீச்சரின் செருப்பருகே விழுந்தது. அவ்வளவு தண்ணீரும் அவர் புடவைக் கரையில்!

"பரவாயில்ல வித்யா. நீ வாசல்ல நில்லு, சரியா?" என்றார் டீச்சர்.

வித்யா அழவில்லை. ஈரத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்ளோ தண்ணி எப்படி மிஸ் வந்துச்சு?"

 நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் என் பெண் தன் கணக்குத்தான் தப்பு என்று நினைப்பாளே!

"டீச்சர், நான்தான் ரொப்பினேன்."

"ஏன்மா?"

"குறைகுடமா எடுத்துட்டு வரக் கூடாதுன்னு..."

மாணவிகள் கொல்லென்று சிரித்தார்கள். டீச்சரும்தான். வித்யா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் கோபம் பாதி, "அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறார்களே" என்ற தவிப்பு பாதி.

"உள்ள காத்துக்கு இடமே இல்லியேம்மா, அப்புறம் எது தள்ளும்? சரி, இன்னொரு தடவை விடலாம். தண்ணிக்கு என்ன பண்றது?" என்றார் டீச்சர்.

எதிரே சைக்கிள் கடை. வால்வு கொடுத்த பாய்தான் கடைக்காரர். பாட்டிலோடு ஓடினேன்.

"இன்னாக்கா, மூச்சு வாங்கினு வர்றீங்க?"

"ராக்கெட்டுக்குத் தண்ணி வேணும் பாய்!"

"பானைல கீது, எடுத்துக்கோங்க. பறந்துச்சுன்னா நம்ம கடை வால்வுன்னு சொல்லணும்!"

பாட்டில் வாய் வழியே உள்ளே பார்த்துக்கொண்டே செம்பைச் சாய்த்தேன். மூன்றில் ஒரு பங்கு வந்தது. நிறுத்த வேண்டும். என் கை நிற்க மாட்டேன் என்கிறது! பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினேன். இத்தனை வருஷத்தில் என் பெண்ணுக்காக நான் குறைத்து ஊற்றியது அது ஒன்றுதான்.

வித்யா அடித்தாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது...

விர்ர்ர்!

வேப்பமரத்தைத் தாண்டியது. எல்லோரும் அண்ணாந்தார்கள். நான் வித்யாவைத்தான் பார்த்தேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அந்த முகம்!

கண்காட்சியன்று ஹாலுக்குள் அவள் மேஜையைத் தேடிப் போனேன். சார்ட்டில் ஆறு சோதனைகள் எழுதியிருந்தாள். ஒன்று மட்டும் சிவப்பு மையில்.

"பாட்டில் முழுக்கத் தண்ணீர். உயரம்: முழங்கால். சோதனை செய்தவர்: அம்மா."

பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் அதைப் படித்துவிட்டு, "இந்த அம்மா யாரு?" என்று கேட்டார்.

வித்யா வாயைத் திறப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

"நான்தாங்க!"