எட்டாவது கட்டத்தில் ஒரு குள்ளச்சி

போபோடியில் மெத்தைக் கடை வைத்திருக்கும் அமீர் அலி புனே வழக்கத்தை விட்டுக்கொடுக்காதவர். ஒரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்குவார், நாலு மணிக்குத்தான் ஏற்றுவார். கீழக்கரையிலிருந்து வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. மராத்தி இன்னும் தகராறுதான். ஆனால் மதியத் தூக்கத்தில் அவர் முழுப் புனேக்காரர். அந்த மூன்று மணி நேரம் கடைக் கம்ப்யூட்டர் அவருடைய மனைவி ஹபீபாவுடையது.

ஹபீபாவுக்கு முப்பத்தொன்பது வயது. வெட்டி மிஞ்சிய ஃபோம் துண்டுகளை நாற்காலியில் அடுக்கி, அதன் மேல் உட்கார்ந்துதான் விளையாடுவாள். இல்லாவிட்டால் மேஜை உயரமாக இருக்கும். விளையாட்டு, இணையத்தில் ஆறு பேர் சேர்ந்து ஆடுவது. மந்திரம், வாள், கோட்டை, கடைசியில் ஒரு டிராகன். நான்கு வருடத்துக்கு முன் மகர்பட்டாவில் வேலை பார்க்கும் தம்பி ஹாரிஸ் வந்து அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தான். பெயர் பதிந்ததும் பாஸ்வேர்ட் வைத்ததும் அவன்தான்.

"ஒரு ஆள் குறையுது லாத்தா. ஒரு மாசம் மட்டும் வா. ஹீலர் வேலை. அடிபடுறவனுக்கு உயிர் ஊட்டணும், அவ்வளவுதான். ஒனக்கு வரும்."

வந்தது. அதுதான் வினை. திரையின் இடது ஓரத்தில் ஆறு கோடுகள் இருக்கும், ஆளுக்கு ஒன்று. பச்சை மஞ்சளானால் ஒரு பொத்தான், மஞ்சள் சிவப்பானால் இரண்டு பொத்தான். கண்ணை எடுத்தால் யாராவது செத்துப்போவார்கள். செத்தவன் தன் மேல் தப்பு என்று சொல்லமாட்டான், ஹீலர் தூங்குகிறாள் என்பான். டிராகன் நடுத்திரையில் எங்கோ நிற்கும், உறுமும். ஒவ்வொரு ஞாயிறும் அதைக் கொன்றார்கள். அதன் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் ஹபீபாவுக்குச் சொல்லத் தெரியாது. அவள் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பாத்திரம் போக, வேறு வேறு விதமாக ஆடிப் பார்க்கத் துணைப் பாத்திரங்கள் வைத்துக்கொள்ளலாம். ஆல்ட் என்பார்கள். ஒரு ஆளுக்கு மொத்தம் எட்டுக் கட்டம். எந்த இனம், எந்தத் தொழில் என்று பிறக்கும்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. ஹபீபாவின் ஏழு கட்டங்கள் நிரம்பியிருந்தன. ஏழும் ஹீலர்கள்.

ஒவ்வொரு தடவையும் அவள் வேறு எதற்கோதான் ஆசைப்பட்டாள். இரண்டாவது கட்டத்தில் கரடி இனத்தில் ஒரு வில்லாளி போடப் போனாள். கரடி இனத்துக்கு வில் கூடாது, வைத்தியம் கொடுத்தால் பலம் இரண்டு சதவீதம் கூடும் என்றான் ஹாரிஸ். மூன்றாவதில் திருடி. அந்த மாதம் இன்னொரு ஹீலர் பையன் கல்யாணம் நிச்சயமாகி ஆட்டத்துக்கு வராமல் போனான், அவன் இடத்துக்கும் ஹீலர் வேண்டியிருந்தது. நாலாவதில் என்ன ஆசைப்பட்டாள் என்பது அவளுக்கே மறந்துவிட்டது. எந்த இனத்துக்கு எந்தத் தொழில் எத்தனை சதவீதம் என்று ஹாரிஸ் ஒரு அட்டவணை வைத்திருந்தான். அவள் வாய் திறந்தால் அவன் அட்டவணையைத் திறப்பான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, ஆட்டம் முடிந்து எல்லோரும் ஹெட்போனில் இருக்கும்போது சொன்னாள்.

"எட்டாவது கட்டத்துல ஒரு ஆல்ட் போடப்போறேன்."

"சூப்பர் லாத்தா. புதுசா நிலவு இனம் வந்திருக்கு, பார்த்தியா? ஹீலருக்கு நாலு சதவீதம்! நானே ஒங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

"ஹீலர் இல்ல. குள்ளச்சி. கையில கோடாலி."

யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது. ஹாரிஸோடு வேலை பார்க்கும் சேவியர்தான் முதலில் பேசினான். காட்கியில் பிறந்து வளர்ந்தவன், தமிழ் அவனுக்கு நின்று நின்று வரும்.

"அக்கா, குள்ளருக்குக் கோடாலியா? கை... எட்டாதுக்கா. ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஸ்டெப் முன்னால போகணும். டைம் வேஸ்ட்."

"எனக்கும்தான் எட்டாது. மேல் தட்டு மெத்தைய ஸ்டூல் போட்டுத்தான் எடுக்குறேன். மெத்தை எறங்காமலா இருக்கு?"

"தீதி, ப்ளீஸ்," என்று அணியில் இன்னொருவனான ஷ்ரேயஸ் இந்தியில் கெஞ்சினான். குள்ளர் என்றால் கேடயம், கோடாலி என்றால் ஓர்க் என்கிற ராட்சத இனம். இது உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்றான்.

"அந்த ஜோடிய யாருமே போட்டதில்லையா?" என்று கேட்டாள் ஹபீபா.

"போட்டிருக்காங்க," என்றான் ஹாரிஸ். "எல்லாரும் ஒரு வாரத்துல அழிச்சிட்டாங்க."

அன்றே போட்டாள். அகலமான தோள், உடைந்த மூக்கு, கறுப்புச் சடை. மிஸ்ரியா என்று பெயர் வைத்தாள். முந்தைய ஏழுக்கும் பெயர் வைத்தவன் ஹாரிஸ். நிலா, பனி, வெள்ளி என்று அர்த்தம் வருகிற இங்கிலீஷ் பெயர்கள். மிஸ்ரியா பள்ளியில் அவளோடு படித்தவள். ஒன்பதாம் வகுப்பில் தன்னைக் கிண்டல் செய்தவனை ஹாக்கி மட்டையால் வாசல் வரைக்கும் துரத்தியவள்.

ஏழு வாரம். தினமும் ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கியதும் மிஸ்ரியா எலி அடித்தாள், ஓநாய் அடித்தாள், பாலத்தின் கீழ் இருந்த பூதங்களை அடித்தாள். சேவியர் சொன்னது நிஜம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு எட்டு முன்னால் வைக்க வேண்டியிருந்தது. ஓர்க் இரண்டு அடி அடிக்கும் நேரத்தில் குள்ளச்சி ஒன்று அடிப்பாள். ஆனால் கோடாலி போய் இறங்கும்போது மேஜையே லேசாக அதிர்வதுபோல் ஹபீபாவுக்கு இருந்தது. அறுபதாவது படியை, உச்சப் படியை, ஒரு வெள்ளிக்கிழமை தொட்டாள். மெத்தை அடுக்கின் மேல் தூங்கிக்கொண்டிருந்த அமீர் அலியை எழுப்பிச் சொன்னாள்.

"மாஷா அல்லாஹ்," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "மணி என்ன?"

ஞாயிறு, முகம் தெரியாத ஒரு ஹீலரை எங்கிருந்தோ பிடித்து வந்தார்கள். ஹபீபா முதல்முறையாக டிராகனின் பக்கத்தில் போய் நின்றாள். வெட்டுகிறவர்கள் பின்னால்தான் நிற்க வேண்டும் என்பது சட்டம். முன்னால் நெருப்பு. ஆகவே அவளுக்குத் தெரிந்தது பின்னங்கால். அதிலும் குள்ளச்சியின் உயரத்துக்கு நகம்தான். நகத்தில் ஒரு விரிசல்கூட வரைந்திருந்தார்கள். அத்தனை வாரம் பாடுபட்டு ஒரு நகத்தின் முன்னால் வந்து நிற்கிறோம் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அதைவிட எரிச்சல், அவள் கண் அந்த நகத்தில்கூட நிற்கவில்லை. இடது ஓரத்துக்கே போனது. சேவியரின் கோடு மஞ்சளானதும் கோடாலி நின்றது, இல்லாத பொத்தானை விரல் தேடியது. ஆட்டம் முடிந்து யார் எவ்வளவு அடித்தார்கள் என்று பட்டியல் வந்தது. அவள் பெயர் கடைசி.

"அக்கா," என்றான் சேவியர், "அந்த ஹீலர்கூட உங்களவிட ஜாஸ்தி அடிச்சிருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹபீபாவும் சிரித்தாள். ஹெட்போனைக் கழற்றிய பிறகு அரை மணி நேரம் பில் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஹாரிஸ் போன் செய்தான். "ஆசைக்கு ஆடிட்ட, போதும் லாத்தா. அழிச்சிட்டு நிலவு இனத்துல ஹீலர் போடு. எட்டுல ஏழு போச்சு, இருக்கிறது ஒரு கட்டம்."

"அந்த ஏழையும் நீ சொன்னபடிதானே போட்டேன்? இது எனக்கு. இன்னும் ரெண்டு ஞாயிறு குடு."

"குடுக்கிறேன். ஆனா அழியத்தான் போகுது."

அடுத்த ஞாயிறு, மெத்தை கட்டும் பழுப்பு டேப்பில் ஒரு சாண் கிழித்து திரையின் இடது ஓரத்தில் ஒட்டினாள். ஆறு கோடுகளும் மறைந்தன. முதல் ஐந்து நிமிடம் கண் டேப்பின் மேலேயே போய் நின்றது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்ட மாதிரி. பிறகு அங்கே போவதை விட்டது. கோடாலி மட்டும் இருந்தது, ஒரு எட்டு, ஒரு அடி. பட்டியலில் அவள் நாலாவது. ஷ்ரேயஸ் அவளுக்குக் கீழே இருந்தான்.

ஹெட்போனில் யாரும் சிரிக்கவில்லை. ஹாரிஸ், அந்த வெளி ஹீலர் சரியில்லை, இரண்டு பேரைச் சாகவிட்டான் என்று புலம்பினான்.

அவள் கேட்ட இரண்டாவது ஞாயிறு வருவதற்கு முன்பே, பெருநாளுக்கு மறுநாள், அவனிடமிருந்து போன் வந்தது. குரலில் அத்தனை சந்தோஷம்.

"லாத்தா, பெருநாள் பரிசு. கம்ப்யூட்டரத் திறந்து பாரு."

எட்டாவது கட்டத்தில் நிலவு இனத்துப் பெண் ஒருத்தி நின்றாள். உயரம், வெளிறிய முகம், கையில் ஒளிவிடும் கோல். லூனாரா என்று பெயர். அறுபதாவது படி. புதுப் பாத்திரத்தை ஒரே நாளில் உச்சத்துக்கு ஏற்றும் சீட்டு ஒன்று விளையாட்டின் கடையில் காசுக்குக் கிடைக்கும், அதை வாங்கியிருக்கிறான். உடை, மோதிரம், கோல் எல்லாம் அட்டவணைப்படி.

"மிஸ்ரியா எங்க?"

"அழிச்சிட்டேன் லாத்தா. கட்டம் வேணுமே. ஒனக்கு மனசு வராதுன்னு தெரியும், அதான் நானே பண்ணிட்டேன்."

"என் பாஸ்வேர்ட்?"

"நான் வச்சதுதானே."

"திரும்ப வராதா?"

"அழிச்சா அழிச்சதுதான். இவளப் பாரு லாத்தா, எப்படி இருக்கா! ஆறு மணி நேரம் ஒனக்காக உட்கார்ந்தேன்."

அவன் மனதில் கள்ளம் இல்லை. அதனால் திட்டவும் வாய் வரவில்லை. "சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள். சரி என்று ஏன் சொன்னோம் என்று அடுத்த நாலு நாள் அரிசி களையும்போது, மெத்தை உறை மாட்டும்போது, பஸ்ஸில், பல் விளக்கும்போது கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மொகம் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார் அமீர் அலி.

"ஹாரிஸ் என் ஆள அழிச்சிட்டான், மச்சான்."

"எந்த ஆளு?"

"கோடாலி."

"அதுக்குப் பதில் வேற குடுத்திருக்கான்ல?"

அவள் பார்த்த பார்வையில் அவர் டீயைக் கீழே வைத்தார். "சரி சரி, சண்ட போடு. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குள்ள போட்டு முடிச்சிரு. லோஹேகாவ் ஏர்ஃபோர்ஸ்காரர் மெத்தைக்கு வர்றார்."

ஞாயிறு காலையில் முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினாள். மதியம் ஒன்றரைக்கு லூனாராவாக உள்ளே போனாள். "அப்பாடா, அக்கா வந்தாச்சு!" என்றான் சேவியர். ஹாரிஸ் ஆளாளுக்கு இடம் பிரித்தான். லூனாராவுக்குப் பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இடம்.

திரையின் ஓரத்தில் பழுப்பு டேப் இன்னும் ஒட்டியிருந்தது. அதை உரிக்க ஒரு முனையில் நகம் வைத்தாள். உரிக்கவில்லை.

சண்டை தொடங்கியது. லூனாரா தூணை விட்டு நடந்தாள். ஓடவில்லை. பின்னங்காலைத் தாண்டினாள், அந்த விரிசல் விழுந்த நகத்தையும் தாண்டினாள். வயிற்றின் ஓரமாக முன்னால் போனாள்.

"அக்கா, உயிர்! உயிர் குடுங்க!"

"தீதி!"

"லாத்தா, எங்க போற? முன்னால நெருப்பு! என்ன பண்ற?"

"பார்த்துக்கிட்டிருக்கேன்."

"என்னத்த?"

அந்தப் பெரிய உடம்புக்குச் சின்ன முகம்தான் வைத்திருந்தார்கள். மூக்கின் குறுக்கே ஆறிய வெட்டு. கீழ்த்தாடையில் பாசி படிந்ததுபோல் பச்சை. கண் மேல் மடிப்பு மடிப்பாக இமை. ஒருதரம் மெதுவாக இமைத்தது. யாரோ ஒரு வரைகலைக்காரன் அந்த ஒரு இமைப்புக்கு மெனக்கெட்டிருக்கிறான். பிறகு வாய் திறந்தது, திரை முழுக்க ஆரஞ்சு ஆனது.

ஆறு பேரும் செத்துக் கிடந்தார்கள். ஹெட்போனில் ஒரே சத்தம். அது அடங்கியதும் ஹாரிஸ், தலையில் வலி வந்தவன்போல், "பரவால்ல. மறுபடி ஆரம்பிக்கலாம். லாத்தா, நீ தூண்கிட்ட நில்லு" என்றான்.

"நான் வரல, ஹாரிஸ்."

"கோவமா?"

"ஆமா."

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. "ஒனக்கு நல்லதுக்குத்தானே..."

"நாலு சதவீதம் நல்லது. தெரியும். நீ கேட்டுட்டு அழிச்சிருந்தா, முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பேன். அதச் சொல்லக்கூட எனக்கு வழியில்லாமப் பண்ணிட்ட."

ஹெட்போனைக் கழற்றி பில் புத்தகத்தின் மேல் வைத்தாள். எட்டாவது கட்டத்தைத் திறந்தாள். அழிக்க வேண்டுமானால் பாத்திரத்தின் பெயரை முழுதாக அடிக்கச் சொன்னது. லூனாராவின் முகத்தைப் பார்க்காமல் அடித்தாள். தம்பியின் ஆறு மணி நேரம் ஒரு நொடியில் போனது. சந்தோஷம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

இனம்: குள்ளர். திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது, இந்தத் தொழிலுக்கு இந்த இனம் பரிந்துரைக்கப்படவில்லை என்று. அகலமான தோள், உடைந்த மூக்கு, கறுப்புச் சடை. சடையின் கறுப்பு முன்பு இருந்த அதே கறுப்புத்தானா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. பழைய மிஸ்ரியாவை அவள் படமெடுத்து வைத்திருக்கவில்லை.

முதல் படி. கையில் கோடாலிகூட இல்லை, விறகுக்கட்டை. மறுபடியும் ஏழு வாரம். போன் மேஜையில் அதிர்ந்தது, ஹாரிஸ் என்று காட்டியது, நின்றது, மறுபடி அதிர்ந்தது.

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். அமீர் அலி மெத்தை அடுக்கின் மேல் எழுந்து உட்கார்ந்து, மணியைப் பார்த்து, "நாலாகலையே!" என்றார்.

எலி எட்டாத தூரத்தில் இருந்தது. மிஸ்ரியா ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.