அத்தாவின் குரலுக்கு மூன்று பிரதிகள்

அத்தாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், ஆனால் பேச்சு இருக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "முன்னாடியே குரலைப் பதிவு செஞ்சு வச்சுக்குங்க" என்றார் தாதி.

பத்திரப்படுத்துவதில் என்னை மிஞ்ச வீட்டில் ஆள் கிடையாது. நல்ல மைக் ஒன்று வாங்கினேன். ஒரு பிரதி என் மடிக்கணினியில், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று உட்லண்ட்ஸில் தம்பி வீட்டு ஹார்ட் டிஸ்கில். "ஃபோட்டோவுக்கு மூணு காப்பி, பில்லுக்கு மூணு காப்பி. இப்ப அத்தாவுக்குமா லா?" என்று தம்பி கேலி செய்தான்.

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் கடை வைத்துக் காலமெல்லாம் ஆணியும் பெயிண்டும் விற்றவர் அத்தா. வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டியே குரல் கரகரத்துப் போயிருந்தது. அப்பேர்ப்பட்டவர் தலை வாரி, சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தார்.

"அன்பார்ந்த பேரப்பிள்ளைகளே, தாங்கள் அனைவரும் கல்வியில் சிறந்து விளங்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்."

"சாதாரணமாப் பேசுங்கத்தா."

"காலத்துக்கும் இருக்கப் போறதும்மா. கண்டபடி பேச முடியுமா?"

அறுவை சிகிச்சைவரை தினமும் பேசினார். எல்லாமே மேடைத் தமிழ்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்து அவர் வீடு திரும்பியபின், எல்லாரும் உட்கார்ந்து கேட்டோம். ஒலியில் ஒரு குறையும் இல்லை. "செய்தி வாசிக்கிற மாதிரில்ல இருக்கு" என்றான் தம்பி. "யாரோ பேசுற மாதிரி இருக்கும்மா" என்று அம்மா எழுந்து போய்விட்டார். அத்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. பேச முடியாதவர்மேல் என்ன கோபம் என்று அழுகையும் வந்தது.

அவருடைய சொந்தக் குரல் வேறெங்காவது இருக்கிறதா என்று தேடினேன். வாட்ஸ்அப்பில் பிறர் அனுப்பிய காலை வணக்கங்களை எல்லாருக்கும் தள்ளிவிடுவாரே தவிர, தானாகப் பேசி எதையும் அனுப்பியதில்லை. தம்பியின் கல்யாண வீடியோவில் அவர் வாய் அசைகிறது. கேட்பதோ சினிமாப் பாட்டு.

கோப்புகள் கெடாமல் இருக்கின்றனவா என்று அவ்வப்போது ஒவ்வொன்றையும் கடைசிவரை ஓட்டிப் பார்ப்பேன். அப்படி ஓட்டியபோது, ஒன்றில் அவர் உரை முடிந்த பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தாமலே எழுந்து போயிருக்கிறேன். நாற்காலி நகரும் சத்தம். பிறகு, அம்மாவைக் கூப்பிட்டு, கரகரவென்று அத்தா: "இந்தாம்மா, எவ்வளவு நேரமாக் கத்துறேன்? டீ வருமா வராதா?"

நாலைந்து முறை போட்டுக் கேட்டேன். பிறகு அதை மட்டும் வெட்டி அவர் கைபேசிக்கு அனுப்பினேன்.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது. டீ வருமா வராதா?

"அடுப்புலதாங்க இருக்கு! உயிர வாங்காதீங்க!" என்று சமையலறையிலிருந்து அம்மா கத்தினார்.

கத்திய பிறகுதான் அவருக்கு உறைத்தது. வடிகட்டியும் கையுமாக ஓடிவந்து கூடத்தில் நின்றார். அத்தா அவரைப் பார்த்துக்கொண்டே கைபேசியை இன்னொரு முறை அழுத்தினார்.