ஜீப் சக்கரத்துக்கு நான் கடைந்த வளையம்

லேத் பிடித்து ஐந்து வருடம் ஆகியிருந்த எனக்குச் சொத்து என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். 'அவன் கடைஞ்சா அளவு தப்பாது' என்று அரியமங்கலம் பட்டறைகளில் சொல்வார்கள். அந்தப் பெயரை அக்கா புருஷனுக்காகத் தொலைத்தேன்.

பட்டறை மச்சானுடையது. முன்னால் பட்டறை, பின்னால் வீடு. ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம், லால்குடிப் பக்கத்து மிராசுதார் ஒருவர் தன் ஜீப்பைக் கொண்டுவந்தார். பட்டாளத்தில் கழித்துவிட்ட வண்டி. வயல் பாதையில் அடி தட்டுகிறது என்று வேறு ஏதோ பட்டறையில் ஸ்பிரிங்குக்குப் பட்டை கூட்டி உயர்த்தி, பெரிய டயரும் போட்டிருந்தார். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன் டயர் ஸ்பிரிங்கில் உரசிக் கரகரவென்று கத்தியது.

சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளினால் உரசாது. அதற்கு பிரேக் டிரம்முக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கெட்டியான இரும்பு வளையம் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னது நான்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் முக்கால் அங்குல வளையம் உள்ளே போனால், சக்கரத்தைப் பிடிக்கிற போல்ட் முக்கால் அங்குலம் குட்டையாகிவிடும். நட்டு திருகிப் பிடிக்க மரை போதாது. நீளமான போல்ட்டுகளைக் கடைந்து மாற்றவேண்டும். மூன்று நாள் வேலை.

"நாளைக்குக் காலையில வண்டிய எடுத்துக்கலாங்க" என்று மச்சான் மிராசுதாரிடம் சொல்லிவிட்டார்.

வளையங்கள் இரண்டும் அருமையாக வந்தன. விரலால் தடவினால் ஒரு பிசிறு தட்டாது. மாட்டிப் பார்த்தேன். நட்டு மூன்றே சுற்றுத்தான் மரையைப் பிடித்தது.

"மச்சான், இது நிக்காது. போல்ட்ட மாத்தியே ஆகணும்."

"வந்துட்டாரு பெரிய இன்ஜினீயரு! வாக்குக் குடுத்தது நானா நீயா? ஸ்பேனர இப்படிக் குடு."

அவரே இறுக்கினார். மறுநாள் மிராசுதார் வந்ததும் அவரிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அவளுக்கு நிறைமாசம்.

"ஆளுங்க முன்னாடி அவரத் தலைகுனிய வச்சிராதடா. அந்தக் கோவமெல்லாம் அப்புறம் என் மேலதான் வரும்."

மச்சானின் கோபம் எப்படிப்பட்டது என்பதை அவள் கன்னத்தில் பார்த்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டேன். தூ, என்ன பிழைப்பு! ஜீப்பை எடுத்துப்போன டிரைவர், "இப்ப உரசவே இல்ல தம்பி, கெட்டிக்காரன்தான் நீ" என்று சிரித்துக்கொண்டே போனார்.

நாலாம் நாள், ஸ்ரீரங்கம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் முன்சக்கரம் ஒன்று கழன்று ஓடியது. ஜீப் கைப்பிடிச் சுவரில் மோதியதில் அந்த டிரைவருக்கு இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. அவர் பிறகு வண்டியே ஓட்டவில்லை.

மிராசுதார் வந்து வளையம் இரண்டையும் பட்டறைத் தரையில் வீசினார்.

"யாருய்யா இதக் கடைஞ்சது?"

மச்சான் என்னைக் காட்டினார். கதவோரம் நின்ற அக்கா என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல.

"நான்தாங்க" என்றேன். பொய்யில்லையே. கடைந்தது நான்தானே.

அதோடு சரி. எந்தப் பட்டறையிலும் என்னை லேத் பக்கம் விடவில்லை. "சக்கரம் கழட்டுனவரு வர்றாருடா" என்று கிண்டல் வேறு. பெரிய கடைவீதியில் ஓர் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துப் போடுகிற வேலைக்குப் போனேன். மச்சான் லேத் பிடிக்கப் புது டர்னரை வைத்துக்கொண்டார், பட்டறை அமோகமாக நடந்தது.

அடுத்த நோன்புப் பெருநாளுக்கு அக்கா பிள்ளையைப் பார்க்கப் போனேன். வா மாப்ளே என்று மச்சான் கட்டித் தழுவினார். நானும் தழுவினேன், வேறென்ன செய்ய? அடுப்படிக்குள் போனால், தண்ணீர்ப் பானைக்கு அடியில் என் வளையம்.

அக்கா செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். "பிரிமணையா வச்சிருக்கேன்டா. பானை கொஞ்சங்கூட ஆடல பாரு. அளவு தப்பாமதான் கடைஞ்சிருக்கே" என்றாள்.

கூடத்தில் இருந்த மச்சானுக்குக் கேட்காதபடி, குரலை இறக்கித்தான் அதையும் சொன்னாள்.