பள்ளிக்கூடத்தில் ஒரு போட்டி முளைப்பாரி

வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டுதான் வெங்கட்ரமணன் பாடம் நடத்துகிறார். கேள்வியைக் கேட்டதும் செம்பைத் தூக்கி ஒரு மடக்கு வாங்கிக்கொள்வார். பிள்ளைகள் விடை தேடி முடிக்கும்வரை விழுங்க மாட்டார். தப்பான விடை வந்தால் உப்பிய கன்னத்தோடு கண்ணும் சேர்ந்து பிதுங்கும்.

"விடையைச் சொல்லிப்பிடறது எனக்கு ஒரு வியாதி, ஸார். இத்தனை வருஷமா சொல்லியே பழக்கம்" என்கிறார்.

தல்லாகுளத்துக்காரர், வாடிப்பட்டிக்கு அருகே ஒரு சிற்றூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். 1934 கோடையில் மதுரையில் நடந்த பயிற்சி வகுப்பில், 'நீ சொல்லாதே, பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்' என்று கற்பித்து அனுப்பினார்கள். அது முதல் அவருடைய சட்டைப் பையில் நத்தைக் கூடு, வேப்பங்கொட்டை, இறகு எல்லாம் இருக்கும். ஒரு கல்யாணப் பந்தியில் பொன்வண்டு ஒன்று அதிலிருந்து ஏறி வந்து பக்கத்து இலையில் உட்கார்ந்தது.

ஆடியில் விதைப் பாடம். வீட்டிலிருந்து பயறு கொண்டுவரச் சொன்னார். ஒரு சட்டியில் விதைத்து வெயிலில் வைத்தார். இன்னொன்றை உள்ளே கூடை போட்டு மூடினார். அம்மனுக்கு முளைப்பாரி போடும் சமயம் அது என்பது அவருக்குத் தோன்றவில்லை. பெண்கள் விரதமிருந்து இருட்டறையில் வளர்க்கும் பயிர். ஆண்கள் எட்டிப் பார்க்கவும் கூடாது. வாத்தியார் போட்டி முளைப்பாரி போட்டிருக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது.

நான் அந்தப் பள்ளியைப் பார்க்கப் போயிருந்த அன்று, முளைப்பாரிக்குப் பொறுப்பான சின்னத்தாய் வாசலில் வந்து நின்றாள்.

"என்னய்யா வாத்தியாரே, இது ஆம்பள போடுற பயிரா? அம்மன்னா உமக்குக் கேலியாப் போச்சா? பொம்பளப் புள்ளைக இனிமே இங்க வராதுக. எந்திரிங்கடி!"

வெங்கட்ரமணன் வீடு வீடாக நடந்து, கெஞ்சிக் கூட்டிவந்த பெண் பிள்ளைகள் அவர்கள். சிலேட்டை இடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

அவர் முகம் வெளிறியது. உள்ளே போய்க் கூடையை எடுத்துவிட்டு, இரண்டு சட்டிகளையும் தாழ்வாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று குட்டையாய், பச்சையாய். மற்றது நெட்டையாய், வெளிர் மஞ்சளாய்.

சின்னத்தாய் குனிந்தாள். "ரெண்டும் ஒரே பயறா?"

"நம்ம வீட்டுப் பயறுதான் அத்தே" என்றாள் அழகம்மாள் என்ற சிறுமி.

"அப்ப இது மட்டும் ஏன் நம்ம பாரியாட்டம் வெளுத்துக் கெடக்கு?"

விடை சொல்ல ஒரு வாக்கியம் போதும். அவர் உதடு அசைந்ததைப் பார்த்தேன்.

"உங்களுக்கு என்னம்மா தோணறது?" என்றார்.

"இந்தா பாருங்கடி! கேட்டா சொல்லுவாருன்னு பாத்தா, திருப்பி என்னையக் கேக்குறாரு. இதுக்கா சம்பளம்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். மஞ்சள் சட்டியைத் தூக்கி வெயில் விழும் படியில் வைத்தாள்.

"மாறுதான்னு பாப்போம். நாளக்கழிச்சு வாரேன். அம்புட்டு நாளும் புள்ளைக இருக்கட்டும்."

பெண் பிள்ளைகள் மறுபடி உட்கார்ந்தார்கள். சட்டியையே பார்த்துக்கொண்டு நின்ற வெங்கட்ரமணன், தன் நிழல் அந்த முளைகளின் மேல் விழுவதைக் கண்டார். சட்டென்று விலகி நின்றார்.