படியை அறுத்த பிக்கப்

போன வாரம் என் பிக்கப்பை உயரமாக்கி போட்டோ போட்டேனே, எல்லாரும் "மாஸ்" என்று எழுதினீர்கள். இன்று வேறொரு கமெண்ட் கிடைத்தது.

காலையில் ஏலப்பாறை சந்தைக்குப் புறப்பட்டேன். நல்ல மழை. எஸ்டேட்டில் பக்கத்து லயத்து வீட்டில் இருக்கும் செல்வி அக்கா வழக்கம்போலக் கை காட்டினார். தேயிலைக் கொழுந்தெடுத்தே முட்டி தேய்ந்தவர். சந்தைக்கு என் வண்டியில்தான் வருவார்.

கதவைத் திறந்தேன்.

"படி எங்கப்பா?"

"பாறையில இடிக்கும்னு நானே அறுத்துட்டேன்க்கா. கையைக் குடுங்க, தூக்கிவிடுறேன்."

காலை உயர்த்திப் பார்த்தார். முட்டி மடங்கவில்லை.

"வேணாம்ப்பா. இது டூரிஸ்ட்டுக ஏறுற வண்டியாயிருச்சு. நீ போ, நான் பஸ்ஸுல வாரேன்."

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் உறுத்துகிறது.

சாயங்காலம் ஏலப்பாறையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். என் வண்டியைப் பார்த்தும் கை காட்டவில்லை.

வண்டியின் அடிப்பாகத்துக்கும் பாறைக்கும் உள்ள இடைவெளியை மில்லிமீட்டர் கணக்கில் அளந்தவன் நான். அக்காவின் கால் எட்டும் உயரத்தை அளக்கவில்லை.

அறுத்த படி என் பட்டறையில்தான் கிடக்கிறது. அதன்மேல் உட்கார்ந்துதான் இத்தனை நாளாக வெல்டிங் அடித்தேன். நாளைக்கு அதைத் திரும்ப வண்டியில் பற்றவைக்கிறேன்.

"மாஸ் போச்சே" என்று எழுத நினைப்பவர்கள் இப்போதே எழுதிவிடுங்கள்.